தொடுதலைத் தோலோடு நிறுத்தாதீர்கள்: வீட்டிலேயே செய்யக்கூடிய இரண்டு சோதனைகள்

தொடுதல் என்றாலே நம் பாடங்கள் தோலைத்தான் பேசுகின்றன. கவராயத்தின் இரு முனைகளைத் தோலில் வைத்து, எவ்வளவு நெருங்கினால் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன என்று ஜெர்மன் உடலியலாளர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபர் பார்த்தார். 1834-இல் அவர் வெளியிட்ட அந்த வேலையை இன்றும் சைக்காலஜி லேபில் செய்ய வைக்கிறோம். நல்ல சோதனைதான். ஆனால் அதில் கை சும்மா கிடக்கிறது. நிஜத்தில் கை எதையாவது தூக்கும், ஆட்டும், திருப்பும். அப்போது தசையும் தசைநாணும் என்ன சொல்கின்றன என்பதைத்தான் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் மைக்கேல் டர்வி பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நான் வகுப்பில் முதலில் செய்ய வைப்பது அவருடைய கோல் சோதனையைத்தான்.

முக்கால் இன்ச் பிவிசி பைப்பை 40, 60, 90 சென்டிமீட்டர் நீளத்தில் ஒவ்வொரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். 60-இல் மட்டும் கூடுதலாக இரண்டு வேண்டும். கொடியில் ஒரு போர்வையைத் தொங்கவிடுங்கள். சோதிக்கப்படுபவர் நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையைப் போர்வைக்கு அந்தப் பக்கம் நீட்டி, முழங்கையை ஒரு மேசைமேல் ஊன்றட்டும். மணிக்கட்டு மட்டும் ஆடினால் போதும். பைப்பின் ஒரு முனையை நீங்களே அவர் கையில் கொடுங்கள்; எடுத்துக்கொடுக்கும்போது அது எதிலும் இடிக்கக் கூடாது. இடிக்கிற சத்தத்திலேயே நீளம் தெரிந்துவிடும். மின்விசிறியை வேகமாக ஓடவிட்டால் பைப் காற்றைக் கிழிக்கிற சத்தமும் அமுங்கிவிடும்.

கண்ணைக் கட்டிவிட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது, பதில் சொல்ல அவருக்குக் கண் வேண்டும். போர்வைக்கு இந்தப் பக்கம், அவர் பார்வையில் படும்படி தரையில் ஒரு டப்பாவை மெல்ல நகர்த்துங்கள். கோலின் நுனி எட்டும் என்று அவர் நினைக்கிற இடத்தில் “நிறுத்துங்கள்” என்பார். அந்தத் தூரத்தை இன்ச் டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மூன்று கோல்களையும் கலைத்துப் போட்டு, ஒவ்வொன்றையும் சில தடவை கொடுங்கள். சரியா தப்பா என்று நடுவில் வாய் திறக்காதீர்கள், முகத்திலும் காட்டாதீர்கள்.

பைப்பின் ஒரு முனையை மட்டும்தான் அவர் தொடுகிறார், மறுமுனை அவர் தோலில் படவே இல்லை. இருந்தும் நீளமான கோலுக்கு நீளமான தூரமும், குட்டைக்குக் குட்டையும் வந்துகொண்டே இருக்கும். 1988-இல் சாலமனும் டர்வியும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஒரு பொருளை ஆட்டும்போது அது சுழல்வதற்குக் காட்டுகிற எதிர்ப்பு, அதாவது நிலைமத் திருப்புத்திறன், இந்த உணர்வுக்கு அடிப்படை.

இதை உறுதிசெய்ய அந்தக் கூடுதல் பைப்புகள். கனமான ஒரே மாதிரி இரண்டு நட்டுகளை எடுத்து, ஒன்றைக் கைப்பிடி முனையிலிருந்து 15 சென்டிமீட்டரிலும், மற்றதை இன்னொரு பைப்பில் 45 சென்டிமீட்டரிலும் இன்சுலேஷன் டேப்பால் இறுகக் கட்டுங்கள். இரண்டுக்கும் நீளம் ஒன்று, தராசில் எடையும் ஒன்று. ஆனால் நட்டு தள்ளி இருக்கிற பைப் பெரும்பாலும் கூடுதல் நீளமாகத் தெரியும். சுழலும் இடத்திலிருந்து தூரம் மும்மடங்கானால் அந்த எடை தருகிற எதிர்ப்பு ஒன்பது மடங்காகும். சோதனை முடிந்ததும் இரண்டு பைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அவர் நம்பாமல் மறுபடி கையில் வாங்கிப் பார்ப்பார். அந்த நேரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. விளக்கம் சொல்ல அதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்காது.

சரி, அடுத்த சோதனை ஒருங்கிணைப்பு பற்றியது, அதாவது இரண்டு உறுப்புகள் சேர்ந்து அசையும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்பது. இதற்குச் செலவே இல்லை. இரண்டு உள்ளங்கையும் கீழே பார்க்க மேசைமேல் வையுங்கள். ஆள்காட்டி விரல்களைக் கார் வைப்பர் மாதிரி, இரண்டும் ஒரே நேரத்தில் இடம், ஒரே நேரத்தில் வலம் என்று ஆட்டுங்கள். போனில் ஒரு மெட்ரோனோம் (சீரான இடைவெளியில் தட்டும் தாளக் கருவி) ஆப் போட்டு, ஒரு தட்டுக்கு ஒரு முழு ஆட்டம் என்று நிமிடத்துக்கு 60-இல் தொடங்கிப் படிப்படியாக வேகம் கூட்டுங்கள். விரல் தடுமாறினால் இழுத்துப் பிடிக்கக் கூடாது, போகிறபடி விடவேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏதோ ஒரு வேகத்தில் விரல்கள் தாமாகவே மாறி, இரண்டும் சேர்ந்து உள்ளே, சேர்ந்து வெளியே என்று கண்ணாடி பிம்பம் போல ஆட ஆரம்பிக்கும். அது எந்த வேகம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். 120-ஐ நெருங்கும்போது கூர்ந்து பாருங்கள்.

உடல் அசைவுகளை ஆராய்ந்த ஸ்காட் கெல்சோ 1980-களின் தொடக்கத்தில் இதை அளந்து காட்டினார். லேசர் பற்றிய கோட்பாட்டுக்குப் பெயர் பெற்ற இயற்பியலாளர் ஹெர்மன் ஹாக்கனும் கெல்சோவும் பன்ஸ் என்ற இன்னொரு ஆய்வாளரும் 1985-இல் இதற்குச் சமன்பாடே எழுதினார்கள். பலர் செய்யாமல் விடுகிற ஒரு படி உண்டு: மாறிய பிறகு வேகத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். விரல்கள் பழைய ஆட்டத்துக்குத் தாமாகத் திரும்பாது. கண்ணாடி ஆட்டத்தில் தொடங்கி வேகம் கூட்டினாலும் வைப்பர் ஆட்டத்துக்கு மாறாது.

அப்புறம் இரண்டு பேரை உயரமான பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு காலை ஆட்டச் சொல்லுங்கள். ஒருவர் கால் முன்னே போகும்போது மற்றவர் கால் பின்னே. ஒருவர் காலை மற்றவர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். மெட்ரோனோமைக் கூட்டுங்கள். ஷ்மிட், காரெல்லோ, டர்வி மூவரும் 1990-இல் வெளியிட்டது இதைத்தான்: இரண்டு உடலை இணைக்க நரம்பு எதுவும் இல்லாமல், பார்வை மட்டுமே இருக்க, அதே மாற்றம் நடந்தது. எந்த வேகத்தில் கால்கள் ஒன்றாகச் சேர்ந்தன என்று குறித்துவைத்து, அதே இருவரின் விரல் சோதனை எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.