வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன்: போகும்போதும் ரிப்போர்ட் வந்த பிறகும்

திருநெல்வேலியில் ஒரு ஸ்கேன் சென்டரில் சி.டி. மெஷினில் வேலை பார்க்கிறேன். குடல் கோளாறு என்று வருபவர்களின் சீட்டில் பெரும்பாலும் 'வயிற்று வலி' என்று ஒரே வரிதான் இருக்கும். இதை வைத்து ரேடியாலஜிஸ்ட் (ஸ்கேன் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர்) எதைத் தேடுவார்? எந்தப் பக்கம் வலி, மலத்தில் ரத்தம் உண்டா, எடை குறைந்ததா, முன்பு டி.பி. வந்ததா, என்ன ஆபரேஷன் நடந்தது, எல்லாவற்றையும் நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். பழைய ரிப்போர்ட் இருந்தால் அதையும்.

அதற்கு முன்னால் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: இதற்கு சி.டி. போதுமா, கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாக கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) வேண்டுமா? குடல் அடைப்பு, குடல்வால் அழற்சி, சீழ்க்கட்டி, குடல் சுவர் தடித்திருப்பது இவையெல்லாம் சி.டி.யில் நன்றாகத் தெரியும். குடலின் உள்சுவரில் வளரும் சின்ன பாலிப்பும் (சதை முளை) மேலோட்டமான புண்ணும் தப்பிவிடும். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் வீக்கம் தெரிந்தால், அது டி.பி.யா கிரோன் நோயா (நாள்பட்ட குடல் அழற்சி) என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்வது கஷ்டம். அந்த இடத்தில் துளி சதை எடுத்துப் பரிசோதித்துத்தான் (பயாப்சி) பார்க்க வேண்டும். ஆகவே ரத்தம் போகிறவர் 'ஸ்கேன் நார்மல்' என்ற வரியோடு நின்றுவிடக் கூடாது.

கான்ட்ராஸ்ட் ஊசி (படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து) என்றால், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் கையில் இருக்கட்டும். முன்பு இந்த ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்றாலோ, கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள். மருந்து ஏறும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவும், சிறுநீர் போய்விட்டது போலவே இருக்கும். போயிருக்காது. ஆனால் ஊசி குத்திய இடம் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே சத்தம் கொடுங்கள். சிறுகுடலைப் பார்க்க மானிட்டால் கலந்த தண்ணீர் குடிக்கச் சொல்வோம். அது கொஞ்ச நேரத்தில் வயிற்றைக் கலக்கும், முடிந்த கையோடு தென்காசி பஸ் ஏறிவிடாதீர்கள்.

அப்புறம் ரிப்போர்ட். தேடிப் போனது ஒன்று, கண்ணில் பட்டது நாலு என்பது வயிறு சி.டி.யில் சகஜம். "ஏம்மா, கிட்னியில கட்டின்னு போட்டிருக்கானே" என்று என் சித்தப்பாவே ராத்திரி போன் செய்தார். வெறும் நீர்க்கட்டி. வயதானவர்களுக்குச் சாதாரணம், சாதா நீர்க்கட்டி என்றால் பின்தொடர வேண்டியதே இல்லை. எல்லாமே அப்படி இல்லை. கிட்னிக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் 1 செ.மீ. அல்லது அதற்கு மேல் கட்டி என்றால் ரிப்போர்ட்டில் HU என்று போட்டிருக்கும் அதன் அடர்த்தி எண்ணைப் பாருங்கள். ஒரே சீராக 10 அல்லது அதற்குக் கீழே இருந்தால் சாதுவானதுதான். இருந்தாலும் ஹார்மோன் ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேட்க வேண்டும், பி.பி. இருந்தால் கட்டாயம். நுரையீரல் அடிப்பகுதியில் 6 மி.மீ.க்குக் குறைந்த திடமான புள்ளிக்குப் பொதுவாக மறு ஸ்கேன் தேவைப்படாது. பீடி, சிகரெட் பழக்கமோ ஏற்கெனவே புற்றுநோயோ இருந்தால் கணக்கு வேறு. வயிற்றுப் பெருந்தமனியின் (இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக் குழாய்) அகலம் 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் என்றிருந்தால் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.

எனக்கு எரிச்சல் தருவது பித்தப்பைக் கல் விஷயம். பேதிக்காக ஸ்கேன் எடுப்பார்கள், கல் தெரியும், அடுத்த வாரம் ஆபரேஷன் தேதி குறித்துவிடுவார்கள். "என் தொந்தரவுக்கு இந்தக் கல்தான் காரணமா?" என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மறு பரிசோதனை சொன்னால், அல்ட்ராசவுண்டில் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். ஒரு வயிறு சி.டி.யின் கதிர்வீச்சு சுமார் 8 மில்லிசீவர்ட். இயற்கையாக நம் மேல் படுவது உலக சராசரியாக வருடத்துக்கு 2.4 முதல் 3 வரைதான்.

கிளம்பும்போது பிலிமோடு, படங்கள் பதிந்த சிடி டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். பிலிமில் சில படங்கள்தான் இருக்கும், டிஸ்க்கில் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஆறு மாதம் கழித்து வேறு சென்டரில் அந்தக் கட்டி வளர்ந்ததா என்று பார்க்க அதுதான் வேண்டும்.