டெபியன் 12 கணினியில் வைஃபை டாங்கிளை இயங்க வைத்த அனுபவம்

மும்பை லாமிங்டன் ரோட்டில் வாங்கிய யூஎஸ்பி வைஃபை டாங்கிளின் பெட்டியில் விண்டோஸ் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தது. மாட்டுங்காவில் இருக்கும் என் சித்தப்பாவின் கணினியிலோ டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் இருந்தது. செருகியதும் வைஃபைக்குப் பதிலாக ஒரு சிடி டிரைவ் தோன்றியது. விண்டோஸுக்கான டிரைவரை, அதாவது சாதனத்தை இயக்கும் மென்பொருளை, தம்முள்ளேயே வைத்திருக்கும் இத்தகைய டாங்கிள்கள் முதலில் சிடியாகவே தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வதால், இதைப் பழுது என்று எண்ண வேண்டியதில்லை. யூஎஸ்பி சாதனப் பட்டியலில் 1ஏ2பி என்று முடிந்த அடையாள எண், இத்தகைய சாதனங்களைச் சிடி நிலையிலிருந்து மாற்றும் யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் நிரலை நிறுவி அந்தச் சிடியை வெளியேற்றியவுடன் சி811 என்று மாறியது. உள்ளே இருப்பது ரியல்டெக் 8811சியூ சிப் என்பது அதன்பிறகே தெளிவாயிற்று.

இந்தச் சிப்புக்கான யூஎஸ்பி டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 6.2 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது; டெபியன் 12 உடன் வருவதோ 6.1. தனி டிரைவர் ஒன்றை மூலநிரலிலிருந்து தொகுத்து (கம்பைல் செய்து) நிறுவவும் வழி உண்டு. ஆனால் கெர்னல் மாறும்போதெல்லாம் அதையும் மறுபடி தொகுத்தாக வேண்டும், நம்பகமான கையொப்பமுள்ள மென்பொருளை மட்டுமே ஏற்கும் செக்யூர் பூட் இயங்கினால் அந்த டிரைவருக்கு டிஜிட்டல் கையொப்பமும் இட வேண்டும். அந்தத் தலைவலியைச் சித்தப்பாவிடம் ஒப்படைக்க எனக்கு மனமில்லை. எனவே கைப்பேசியை யூஎஸ்பி வழியே இணைத்து இணையம் பெற்று, புதிய மென்பொருள்களை டெபியன் 12-க்கு ஏற்பத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து புதிய கெர்னலையும், அதனோடு சிப்புக்குள் இயங்கும் நிரலான ரியல்டெக் ஃபர்ம்வேர் தொகுப்பையும் நிறுவினேன். மறுதொடக்கம் செய்ததும் வீட்டு வைஃபையின் பெயர் பட்டியலில் வந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் தடையின்றி இணைந்தது.