டிக்கியில் வலை மாட்டுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கார் டிக்கியில் மாட்டும் வலைக்கு, கடையில் கார்கோ நெட் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே அதற்கு, விலையும் அதிகமில்லை, மாட்டுவதும் பெரிய வேலையில்லை. நாலு மூலையில் நாலு கொக்கி, அவ்வளவுதான். அதனாலேயே பலர் யோசிக்காமல் மாட்டிவிடுகிறார்கள். ஆனால் நான் பார்க்கிற டிக்கிகளில் பாதிக்கு மேல் வலை தொளதொளவென்று தொங்குகிறது, இல்லையென்றால் மாட்டக் கூடாத இடத்தில் மாட்டியிருக்கிறது, அதுவும் இல்லையென்றால் அதனால் தாங்கவே முடியாத சுமையை அதன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். கடைசியாகச் சொன்னதுதான் உயிருக்கு ஆபத்தானது, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எலாஸ்டிக் வலையின் வேலை, பொருள் உருளாமல், சரியாமல், வளைவில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடாமல் பார்த்துக்கொள்வது. விபத்தில் பொருளை நிறுத்துவதற்கு அதைச் செய்யவில்லை. எவ்வளவு அழுத்திப் பிரேக் போட்டாலும் டிக்கியில் இருக்கும் பொருள் ஏறக்குறைய தன் எடை அளவுக்குள்தான் முன்னால் தள்ளும், அஞ்சு கிலோ பையை வலை சமாளித்துவிடும். மோதலில் கணக்கே வேறு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதி, முன்பக்கம் அரை மீட்டர் நசுங்கி வண்டி நின்றால், அந்தக் கணத்தில் அதே பை தன் எடையைப் போல 20 மடங்கு விசையோடு முன்னால் வரப் பார்க்கும். இன்னொரு விதமாகச் சொன்னால், அந்த வேகத்தில் போகும் பொருளுக்கு இருக்கும் ஆற்றல், அதைப் பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து கீழே போட்டால் தரையைத் தொடும்போது இருக்கும் ஆற்றலுக்குச் சமம். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகம் என்றால் அது 25 மீட்டர் உயரம். அங்கேயிருந்து விழும் 20 லிட்டர் தண்ணீர் கேனை ஓர் எலாஸ்டிக் வலை பிடித்து நிறுத்துமா, நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அப்படியென்றால் கேனை எங்கே வைப்பது? பின் சீட்டின் முதுகை ஒட்டி, தரையில், நடுவே ஓர் அங்குலம்கூட இடைவெளி விடாமல். 26 கிலோ அரிசி மூட்டைக்கும், டூல் பாக்ஸுக்கும், பழைய பேட்டரிக்கும் இதே இடம்தான். டிக்கியில் இருக்கும் பொருளைத் தடுப்பதற்கென்று காரில் வடிவமைத்துச் சோதித்த பாகம் ஒன்று இருக்கிறது என்றால் அது அந்தச் சீட் முதுகுதான். ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குவிதி எண் 17-இல் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு: 18 கிலோ எடையுள்ள கட்டிகள் இரண்டை டிக்கியில் வைத்து, 50 கிலோமீட்டர் வேக மோதலைப் போல உலுக்கி, சீட் முதுகு தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். இடைவெளி விட்டு வைத்தால் கேன் வேகமெடுத்து வந்து சீட்டில் அடிக்கும், ஒட்டி வைத்தால் சீட்டோடு சேர்ந்தே நிற்கும், வித்தியாசம் அவ்வளவு பெரியது.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. சீட் முதுகு தாங்க வேண்டுமானால் அது முதலில் லாக் ஆகியிருக்க வேண்டும். 60:40 என்று பிரிந்து மடங்கும் சீட்டை ஏதோ நீளமான சாமானுக்காக மடக்கிவிட்டு, திரும்ப நிமிர்த்தும்போது கையால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். பல கார்களில் சீட்டின் தோள்பக்கம், விடுவிக்கும் குமிழுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அடையாளம் இருக்கும், அது வெளியே தெரிந்தால் சீட் லாக் ஆகவில்லை என்று அர்த்தம். டிக்கியில் எது ஏற்றினாலும் அதற்கு முன் சீட்டின் மேல்முனையைப் பிடித்து முன்னால் ஓர் இழு இழுத்துப் பாருங்கள். வலையைவிட இது முக்கியம்.

சரி, இப்போது கொக்கிக்கு வருவோம். டிக்கியில் கொக்கி மாதிரித் தெரிவதெல்லாம் ஒரே வகை இல்லை. தரையில், நாலு மூலையை ஒட்டி, கம்பி வளையம் போல மடக்கி நிமிர்த்தக்கூடியது இருந்தால் அது உடற்சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கியது, கனமான பொருளைப் பெல்ட் போட்டுக் கட்டுவதற்கென்று கொடுத்தது. பக்கவாட்டுப் பேனலில் பிளாஸ்டிக்கில் நீட்டிக்கொண்டிருப்பது கறிகாய்ப் பையைத் தொங்கவிட மட்டும். அதன் மேலேயே சில கார்களில் 3 கிலோ என்று பொறித்திருப்பார்கள், உற்றுப் பார்த்தால் தெரியும். அதில் வலையின் மூலையை மாட்டி, வலைக்குள் பத்துக் கிலோ வெங்காயத்தைப் போட்டால் முதல் பெரிய பள்ளத்திலேயே கொக்கி பேனலோடு பிய்த்துக்கொண்டு வரும், அந்தப் பேனலை மாற்றுவதற்கு ஆகும் செலவில் எத்தனையோ வலை வாங்கலாம். வண்டியோடு வந்த கையேட்டில் லக்கேஜ் நெட் என்ற தலைப்பில் எந்த இடம் என்று படம் போட்டிருக்கும், பார்த்துவிட்டு மாட்டுங்கள். கனமான சாமானுக்கு வலை வேண்டாம், தரை வளையத்தில் ராட்செட் பெல்ட், அதாவது பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் பட்டை, போட்டுக் கட்டுங்கள்.

குழந்தை சீட்டுக்கான வளையம் தனி. குழந்தை சீட்டைக் காரோடு பூட்டும் ஐசோபிக்ஸ் வளையங்கள் பின் சீட்டின் உட்காரும் பகுதியும் முதுகும் சேரும் இடுக்கில் இருக்கும், அதில் யாரும் வலை மாட்டப் போவதில்லை. ஆனால் குழந்தை சீட்டின் மேல்பகுதியைப் பின்னால் இழுத்துக் கட்டும் டாப் டெதர் என்ற மேல்பட்டைக்கான வளையம் பல ஹேட்ச்பேக் கார்களில் சீட் முதுகின் பின்புறத்தில், டிக்கியைத் திறந்தால் நேராகக் கண்ணில் படும்படி இருக்கிறது. நங்கூரப் படம் போட்டிருக்கும். உறுதியாக இருக்கிறதே என்று வலையை அதில்தான் மாட்டுகிறார்கள். மோதலில் குழந்தையின் தலை முன்னால் போகும் தூரத்தைக் குறைப்பதே அந்தப் பட்டைதான். அந்த வளையத்தில் வலைக் கொக்கி ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டு, பட்டையின் கொக்கி பாதி மட்டும் நுழைந்து நின்றால், வெளியிலிருந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். அந்த வளையத்தைக் குழந்தைக்கு மட்டும் விட்டுவிடுங்கள், தயவுசெய்து.

என் காரில் கொக்கியே இல்லை, அக்சஸரி கடையில் ஸ்க்ரூ போட்டு மாட்டித் தருகிறேன் என்கிறார்கள், போடலாமா என்று கேட்பவர்கள் நிறைய. டிரில் பிட் அந்தப் பேனலைத் தாண்டினால் எங்கே போகும் என்று தெரியாமல் போடக் கூடாது. பிளாஸ்டிக்குக்குப் பின்னால் வெறும் காலியிடம் என்று நினைக்கிறோம். அங்கே பின்விளக்குக்குப் போகும் ஒயர்க் கற்றை இருக்கும், பின் கண்ணாடி வாஷருக்குத் தண்ணீர் போகும் மெல்லிய குழாய் இருக்கும், ஒரு பக்கத்தில் பெட்ரோல் ஊற்றும் குழாய் டேங்குக்கு இறங்கும், சீட் பெல்ட் சுருளும் பெட்டி தூணுக்குள் உட்கார்ந்திருக்கும். இன்னும் மேலே, கூரை ஓரமாக, கர்ட்டன் ஏர்பேக், அதாவது மோதலில் ஜன்னலை மறைத்துத் திரை போல விரியும் காற்றுப்பை, மடித்து வைத்திருக்கும். அது விரிகிற வழியில் ஒரு கொக்கியும் ஸ்க்ரூவும் இருந்தால் ஏர்பேக் கிழியலாம், அந்தக் கொக்கியே தெறித்து யார் மேலாவது பாயவும் செய்யலாம். தரையில் துளை போடுவது இன்னும் மோசம், கீழே ஸ்டெப்னி இருக்கும் குழி, அதைச் சுற்றிய தகடு, மழைக்காலத்தில் தண்ணீர் ஏறித் துரு பிடிக்க அந்த ஒரு துளை போதும். டாடா அல்ட்ராஸ் போன்ற சிஎன்ஜி கார்களில் இரட்டை சிலிண்டரே டிக்கித் தரைக்குக் கீழேதான் இருக்கிறது. கொக்கி வேண்டுமென்றால் உங்கள் மாடலுக்கென்று கம்பெனியே விற்கும் கொக்கி உண்டா என்று பாகங்கள் விற்கும் கவுன்ட்டரில் கேளுங்கள். பல மாடல்களில் விலை உயர்ந்த வேரியன்ட்டுக்குக் கொடுத்த கொக்கிக்கான துளை, குறைந்த வேரியன்ட்டிலும் மூடி போட்டு அடைத்தபடி இருக்கும்.

ஒட்டும் கொக்கி? வெயிலில் நிறுத்திய காருக்குள் இருக்கும் சூட்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டபுள் டேப் பசை இளகி, இழுவிசையில் மெல்ல நகர்ந்து, ஒரு நாள் கையோடு வந்துவிடும். குடை, துணிப்பை அளவுக்கு ஒட்டிக்கொள்ளலாம், ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஒட்டியபின் ஒரு நாள் எதுவும் தொங்கவிடாமல் விடுங்கள். அதற்கு மேல் அதை நம்பாதீர்கள்.

அடுத்தது அளவு. பாக்கெட்டில் எழுதியிருப்பது பெரும்பாலும் இழுக்காமல் வைத்த அளவு. கொக்கிக்குக் கொக்கி டேப் வைத்து அளந்துகொண்டு, வலை அதைவிடக் கொஞ்சம் சின்னதாக வாங்குங்கள், மாட்டும்போது லேசாக விறைப்பாக நிற்கும். பெரிய வலை வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று வாங்கித் தொங்கவிடுவது ஒரு தவறு, ரொம்பச் சின்ன வலையை இழுத்துப் பிடித்து எப்படியாவது எட்டவைப்பது அதைவிடப் பெரிய தவறு. முழுக்க இழுத்த எலாஸ்டிக்கில் கொக்கி நழுவினால் அது நேராக இழுத்தவரின் முகத்துக்குத்தான் வரும். எலாஸ்டிக் கயிற்றின் கொக்கி பட்டுக் கண் பார்வை போனவர்கள் உண்டு, கண் மருத்துவர்களுக்கு இது பழகிய காயம். ஹூண்டாய் கையேட்டில் இந்த வலைக்கென்று இருக்கும் எச்சரிக்கையே கண்ணைப் பற்றியதுதான்: அளவுக்கு மீறி இழுக்காதீர்கள், அது திரும்பித் தெறிக்கும் பாதையில் முகத்தை வைக்காதீர்கள். எனவே தூரத்தில் இருக்கும் இரண்டு கொக்கிகளை முதலில் மாட்டிவிட்டு, பக்கத்தில் இருப்பவற்றைக் கடைசியில், முகத்தைப் பக்கவாட்டில் விலக்கிக்கொண்டு மாட்டுங்கள். கழற்றும்போதும் அப்படியே, சட்டென்று கையை விடாமல் இறுக்கம் தளரும் வரை பிடித்தபடி கொண்டுபோய் விடுங்கள். குழந்தைகளைக் கழற்றச் சொல்லாதீர்கள். வாயில் ஸ்பிரிங் மூடி உள்ள கொக்கியாகப் பார்த்து வாங்கினால், பள்ளத்தில் வலை ஒரு கணம் தளரும்போது கழன்றுகொள்ளாது.

எந்த வலை என்பதிலும் குழப்பம் இருக்கிறது. இரண்டு அடுக்காகப் பை போலத் தொங்குவது பால் பாக்கெட், முட்டை, பழம் போன்ற சில்லறைச் சாமானுக்கு. தட்டையாகத் தரையை மூடுவது சூட்கேஸ், அட்டைப்பெட்டி அசையாமல் இருக்க. வலையின் கண் பெரிதாக இருந்தால் எலுமிச்சையும் தண்ணீர் பாட்டிலும் வெளியே வந்துவிடும், கூடையில் போட்டு அதன்மேல் வலை போடுங்கள். எர்டிகா, இன்னோவா மாதிரி வண்டிகளில் மூன்றாவது வரிசையை மடக்கி, கூரை வரை சாமான் அடுக்கி, முன்னால் ஒரு எலாஸ்டிக் வலையைத் தொங்கவிட்டுத் தடுப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். ஐரோப்பாவின் ஸ்டேஷன் வேகன் கார்களில் வரும் தடுப்பு வலை இழுபடாத பட்டையால் ஆனது, கூரையில் அதற்கென்று வலுவான பிடிமானம் உண்டு, இந்த எலாஸ்டிக் வலை அது இல்லை. உங்கள் வண்டியில் அந்தப் பிடிமானம் இல்லையென்றால் சாமான் இரண்டாம் வரிசை சீட் முதுகின் உயரத்தைத் தாண்டக் கூடாது. காஸ் சிலிண்டரை வலை போட்டுக்கூட காருக்குள் ஏற்றாதீர்கள்.

சிஎன்ஜி சிலிண்டர் டிக்கிக்குள்ளேயே இருக்கும் கார் என்றால் அதன் பட்டையிலோ குழாயிலோ கொக்கி மாட்டக் கூடாது, கையால் மூடும் வால்வை வலையும் சாமானும் மறைக்கவும் கூடாது. கசிவு வாசனை வந்தால் நேராகக் கை போய் அதைத் திருக வேண்டும். அப்புறம், வெறுமையாக இருக்கும் வலையின் ஓரம் டிக்கி லாக்கில் சிக்குவது. கதவு மூடியது போலத் தெரியும், டேஷ்போர்டில் விளக்கு எரியும், பாதி லாக்கில் வண்டி ஓடும். மூடுவதற்கு முன் ஓரத்தை உள்ளே தள்ளுங்கள், பயன்படுத்தாதபோது கழற்றிச் சுருட்டிப் போடுங்கள்.

வலைக்கும் ஆயுள் உண்டு. வெயிலில் ரப்பர் இறுகி, மேல் நூல் பிரிந்து, இழுத்துவிட்டால் பழைய அளவுக்குத் திரும்பாது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள், முடிச்சுப் போட்டு இறுக்கி ஓட்டாதீர்கள். முக்கியமாக, டிக்கிக்கு ஆகாது என்று கழற்றிய வலையை ரூஃப் கேரியருக்குக் கொண்டுபோகாதீர்கள். மேலே காற்று சாமானைத் தூக்கும், எலாஸ்டிக் அதோடு சேர்ந்து நீளும். அங்கே ராட்செட் பெல்ட்டோ நல்ல கயிறோ போட்டுக் கட்டி, கிளம்பிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் ஓரமாக நிறுத்தி இன்னொரு முறை இறுக்குங்கள், அதற்குள் சாமான் அமுங்கிக் கட்டு தளர்ந்திருக்கும்.