குப்பம் பக்கத்துக் குன்றுகளில் ஒரு நாள் நடை

ஆந்திராவில் தமிழக எல்லைப் பக்கம் உள்ள குப்பம், பலமனேர் ஊர்களின் பக்கத்து மொட்டைப் பாறைக் குன்றுகளில் ஒரே நாளில் இரண்டு மூன்றை ஏற விரும்புவோர், உயரத்தைவிட மண் பாதையையே முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். கிரானைட் குவாரி லாரிகள் ஆழமாக உழுதுவிட்ட தடங்களில் காரின் அடிப்பாகம் தட்டும் என்பதால், சந்தேகம் வந்த இடத்திலேயே வண்டியைத் திரும்பும் திசையில் நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது. வெயில் ஏறினால் பாறை தோசைக்கல்லாகக் காயும். ஆகவே விடியலில் தொடங்கி, 11 மணிக்குள் இறங்கிவிடுங்கள். ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொண்டு, அதில் 1 லிட்டரை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். சரிவில் வெங்காயத் தோல்போல உரிந்து நிற்கும் பாறைப் பலகைகளின்மேல் கால் வைக்குமுன் கைத்தடியால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாக ஒலித்தால் அது பெயர்ந்து வழுக்கக்கூடும். வழி தவறினால் ஆடு மேய்ப்பவர்களிடம் கேட்கலாம். எல்லைப் பகுதி என்பதால் பலருக்குத் தமிழும் தெரியும்.