சாமியாருக்குக் கடிதம் எழுதும்போது

தேயிலைத் தோட்டத்தில் கத்தோலிக்கக் குருவை நேரில் கண்டால் "பாதர்" அல்லது "சாமி" என்று கூப்பிடுகிறோம். அதில் குறை ஒன்றுமில்லை. அன்போடு வரும் சொல் அது. அழைப்பிதழ், விண்ணப்பம், மேடை வரவேற்பு என்று வந்தால்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

பங்குத்தந்தைக்கு, அதாவது ஊர்க் கோவிலுக்குப் பொறுப்பான குருவுக்கு, எழுதும்போது பெயருக்கு முன் 'அருட்தந்தை' அல்லது 'வண. பிதா' (வணக்கத்துக்குரிய பிதா) போடுங்கள். 'வண. பிதா அருட்தந்தை' என்று இரண்டையும் சேர்த்து அச்சடித்த அழைப்பிதழ்களைப் பார்த்திருக்கிறேன், ஒன்று போதும். 'திரு' வேண்டவே வேண்டாம். துறவற சபையைச் சேர்ந்தவர் என்றால் பெயருக்குப் பின்னால் சபையின் சுருக்கம் வரும்: இயேசு சபைக்கு சே.ச. (சேசு சபை), அமலமரித் தியாகிகளுக்கு அ.ம.தி. மறைமாவட்டக் குருவுக்கு, அதாவது சபை எதிலும் சேராமல் ஓர் ஆயரின் (பிஷப்பின்) ஆட்சிப் பகுதியில் பணியாற்றுபவருக்கு, அது கிடையாது. ஆகவே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆயருக்கு 'மேதகு ஆயர்' என்று எழுதி, பெயருக்குப் பின் 'ஆண்டகை' சேர்ப்பது நம் இலங்கை வழக்கம். பேசும்போது "ஆண்டகை அவர்களே" என்றாலே போதும், மரியாதை நிறைந்துவிடும். இன்னொன்று, எந்த ஆயருக்கு எழுதுகிறோம் என்பதும் முக்கியம். நுவரெலியா, மாத்தளைப் பகுதிகள் கண்டி மறைமாவட்டத்தில் அடங்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் 1972இல் உருவான பதுளை மறைமாவட்டம். ஹட்டனிலிருந்து எழுதுபவர் பதுளை ஆயருக்கு அனுப்பினால் காரியம் தாமதமாகும்.

கன்னியர் மடத்துக்கு எழுதினால் 'அருட்சகோதரி'. அப்புறம், குருத்துவப் படிப்பில் இருக்கும் தம்பிகளை இப்போதே 'அருட்தந்தை' ஆக்கிவிடாதீர்கள், அவர்கள் 'அருட்சகோதரர்'தான்.