எழுத உட்காருவது எப்படி? (எழுதுவது அதற்கப்புறம்)

ஒருவர் வீடு திடீரெனப் பளிச்சென்று இருந்தால் காரணம் இரண்டில் ஒன்று: விருந்தாளி வருகிறார், அல்லது கட்டுரைக்குக் கெடு நெருங்குகிறது. கீபோர்டைத் துடைப்பது, எழுத்துரு தேடுவது, பேனாவுக்கு மை நிரப்புவது எல்லாம் எழுத்து வேலை போலவே இருக்கும். மாலையில் பார்த்தால் பக்கம் மட்டும் வெள்ளையாக இருக்கும்.

தேவையானவை

கோடு போட்ட மலிவான நோட்டு, பேனா இரண்டு, டைமர் ஒன்று. தோல் அட்டை போட்ட அழகான நோட்டு வேண்டாம். அதில் மோசமான வரி எழுதக் கை வராது. முதல் வரைவோ முழுக்க மோசமான வரிகள்தான். டைமரும் கைபேசியில் வேண்டாம். அதை நிறுத்தப் போன விரல் வாட்ஸப்புக்குள் நுழைந்தால் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. சமையலறை டைமர் போதும்.

படி 1: 25 நிமிடம்

1980களின் கடைசியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவ டைமரை வைத்துப் படிக்க ஆரம்பித்ததில் பிறந்தது பொமடோரோ முறை. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. புதிதாகத் தொடங்குபவருக்கு நாளுக்கு ஒரு சுற்று, 100 முதல் 150 சொல் போதும். முதல் நாள் வேகத்தில் நாலு சுற்று ஓட்டியவருக்கு மூன்றாம் நாள் 'மூடு சரியில்லை' வந்துவிடும்.

படி 2: முதல் வரியை விட்டுவிடுங்கள்

பெரும்பாலானோர் சிக்கிக்கொள்வது இங்கேதான். 'நான் சொல்ல வந்தது என்னவென்றால்' என்று எழுதி, கையை எடுக்காமல் அப்படியே தொடருங்கள். பிறகு அந்த நாலு சொல்லை அடித்துவிட்டால் மிச்சமிருப்பது உங்கள் தொடக்கம்.

ஆண்டோ பெயரோ தெரியாத இடத்தில் * போட்டு நகருங்கள். 'ஒரே நிமிஷம், பார்த்துவிடலாம்' என்று இணையத்துக்குள் போனவர், ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்பதைத் தெரிந்துகொண்டு திரும்புவார். தேடிப்போன ஆண்டு மட்டும் கிடைத்திருக்காது.

படி 3: பாதி வரியில் எழுந்திருங்கள்

டைமர் அடித்ததும் நிறுத்துங்கள். அடுத்து வரவேண்டியதை ஓரத்தில் இரண்டு சொல்லில் குறித்துவைத்தால் நாளைக்கு வெற்றுப் பக்கத்தின் முன் விழிக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டு எழுந்தால் மறுநாள் அலமாரி அடுக்கத் தோன்றும்.

படி 4: வெட்டு

வரைவை இரண்டு நாள் ஊறப்போட்டுவிட்டு எடுங்கள். இப்படி ஒரு வரி கண்ணில் படும்:

'அவள் ஒருவிதமான சொல்லமுடியாத சோகத்துடன் மெல்ல எழுந்து ஜன்னலருகே சென்று நின்றுகொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.'

'ஒருவிதமான' என்றால் எந்த விதம் என்று எழுதியவருக்கே தெரியாது. அடியுங்கள். 'சொல்லமுடியாத'வும் போகட்டும், சொல்வதுதானே நம் வேலை. 'மெல்ல'? சோகமான பாத்திரம் எதுவும் தமிழில் வேகமாக எழுந்ததே இல்லை. ஒரே வாக்கியத்தில் இரண்டு 'கொண்டு' வேறு. ஜன்னலருகே நிற்பவள் வெளியேதான் பார்ப்பாள்.

மிச்சம்: 'அவள் எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள்.' 11 சொல் 5 ஆகிவிட்டது. சோகமும் சேர்ந்து போய்விட்டதே என்றால், கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளில் அதை வையுங்கள்: 'கையிலிருந்த சீப்பைக் கீழே வைக்க மறந்திருந்தாள்.'

அடுத்து வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். க், ச், த், ப் எங்கே மிகும் என்ற ஆராய்ச்சியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டப்போகும் பத்திக்கு ஒற்றுப்பிழை பார்ப்பது, இடிக்கப்போகும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை.

படி 5: இன்னொருவர் கண்

'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்றுதான் பதில் வரும். அதற்கு அர்த்தம் 'எனக்கு வேலை இருக்கு'. இரண்டு பேரிடம் தனித்தனிப் பிரதி கொடுத்து, அலுத்த இடத்தில் ஒரு புள்ளி மட்டும் வைக்கச் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் புள்ளி வைத்த இடத்தை ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். இருவரும் ஒரே இடத்தில் வைத்திருந்தால் வெட்டிவிட வேண்டியதுதான். அது அநேகமாக உங்களுக்கு மிகவும் பிடித்த வரியாகவே இருக்கும். அதைத் தனி நோட்டில் எழுதிவைத்துவிட்டு வெட்டுங்கள். அந்த நோட்டை யாரும் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை. ஆனாலும் வெட்டும்போது கை நடுங்காமல் இருக்கும்.