பெரியாஸ்பத்திரிக்கு முதல்முறை போகிறீர்களா? எங்கே போவது, எந்த நாளில் போவது, காத்திருப்பை எப்படிக் குறைப்பது

மதுரையில் வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் அக்கம்பக்கத்தில் முதலில் சொல்வது, "பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பதுதான். கோரிப்பாளையத்தில் இருக்கும் அரசு இராசாசி மருத்துவமனையைத்தான் அப்படிச் சொல்கிறோம். வயதானவர்கள் சிலர் இன்னமும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்பார்கள். மதுரை மாவட்டம் மட்டுமல்ல, தேனி, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் பக்கமிருந்தெல்லாம் அங்கே நோயாளிகள் வருகிறார்கள். கூட்டம் இருக்கத்தான் செய்யும்.

ஆனால் அங்கே காத்திருக்கும் நேரம் முழுக்கக் கூட்டத்தால் மட்டும் வருவதில்லை. எந்த நோய்க்கு எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமையில் எந்த டாக்டர் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லித் தராததால்தான் பாதி நாள் போகிறது. கூலி வேலைக்குப் போகிற ஒருவர், பிரஷர் மாத்திரைக்காக ஒரு நாள் சம்பளத்தை இழப்பது எனக்கு ஏற்க முடியாத விஷயம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: எங்கே போக வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு, சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறு காயம், குழந்தைக்குத் தடுப்பூசி, கர்ப்பப் பதிவு. இவை எதற்கும் பெரியாஸ்பத்திரி தேவையில்லை. நகருக்குள் இருந்தால் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் உங்கள் பகுதியிலேயே இருக்கும். சில வார்டுகளில் நகர்ப்புற நல வாழ்வு மையங்களும் வந்திருக்கின்றன. கிராமம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையம், அதற்கும் கீழே துணை சுகாதார நிலையம். அங்கே இருக்கும் கிராம சுகாதார செவிலியரை ஊரில் எல்லோரும் 'நர்சம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய போன் எண் உங்களிடம் இருக்க வேண்டும். ஊருக்குள் யாருக்கு என்ன நோய், யார் எந்த மாதம் கர்ப்பம் என்று அவருக்குத் தெரியும். எங்கே போகலாம் என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தை உங்களுக்கு அரை நாளை மிச்சப்படுத்தும்.

அடுத்த நிலை தாலுகா ஆஸ்பத்திரிகள். மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, பேரையூர், உசிலம்பட்டி ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகள் உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனை உசிலம்பட்டியில்தான் இருக்கிறது என்பது மதுரைக்குள் இருக்கும் பலருக்கே தெரியாது. பிரசவம், எக்ஸ்ரே, பல் வலி, குடலிறக்கம் போன்றவற்றுக்கு முதலில் அங்கே காட்டுங்கள். அங்கே முடியாது என்றால் அவர்களே சீட்டு எழுதி மேலே அனுப்புவார்கள். அந்தப் பரிந்துரைச் சீட்டோடு போகிறவருக்கும் வெறுங்கையோடு போகிறவருக்கும் வித்தியாசம் உண்டு. என்ன நோய் என்று சந்தேகிக்கிறார்கள், என்ன மருந்து கொடுத்திருக்கிறார்கள், எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். டாக்டர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

பக்கத்து மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 ஜனவரியில் தமிழகத்தில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. விருதுநகர், இராமநாதபுரம், திண்டுக்கல் மூன்றும் அதில் உண்டு. தேனியிலும் சிவகங்கையிலும் அதற்கு முன்பிருந்தே இருக்கின்றன. பரமக்குடியிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து மதுரைக்கு வருவதற்கு முன், இராமநாதபுரத்தில் அந்தத் துறை இருக்கிறதா என்று ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

இன்னொன்று: எல்லாச் சிகிச்சையும் கோரிப்பாளையத்துக்குள் நடப்பதில்லை. புற்றுநோய்க்கான அரசு மையம் பாலரெங்காபுரத்தில் இருக்கிறது. காசநோய், நெஞ்சக நோய்களுக்கு தோப்பூரில் தனி மருத்துவமனை உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் தோப்பூருக்கும் ஓட வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனைக்குக் கேளுங்கள், காசு கிடையாது. காசநோய் உறுதியானால் மருந்து இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும்.

எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அரசின் மருத்துவ ஆலோசனை எண் அது. கட்டணமில்லை.

படி 2: முந்தின நாள் ராத்திரியே பையைக் கட்டுங்கள்

பழைய சீட்டுகள், பரிசோதனை முடிவுகள், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளின் அட்டையை அப்படியே எடுத்துப்போங்கள். "வெள்ளை மாத்திரை ஒண்ணு, மஞ்ச மாத்திரை ஒண்ணு" என்று சொன்னால் எந்த டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவும். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்கச் சொல்வார்கள் என்று தோன்றினால் ராத்திரி சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டு காலையில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போகலாம். சர்க்கரை நோயாளி என்றால் இட்லியைக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் கொடுத்த மறு நிமிடம் சாப்பிட வேண்டும். பசியோடு வரிசையில் நின்று மயங்கி விழுகிறவர்கள் நிறையப் பேர்.

முடிந்தால் இரண்டு பேர் கூடப் போங்கள். ஒருவர் வரிசையில் நிற்கலாம், மற்றவர் நோயாளியோடு உட்கார்ந்திருக்கலாம்.

படி 3: ஓபி சீட்டு

காலை ஓபி, அதாவது புறநோயாளிகள் பிரிவு, மதியத்தோடு முடிந்துவிடும். ஆனால் சீட்டு வாங்குவது, டாக்டர் அறை, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மாத்திரை வாங்கும் ஜன்னல் என்று குறைந்தது நாலைந்து வரிசை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மூடும் நேரம் உண்டு. பத்தரை மணிக்கு முதல் வரிசையில் நின்றால், டாக்டரைப் பார்க்கலாம், ரத்தம் கொடுக்க முடியாது. மறுநாள் மறுபடி வர வேண்டும். அதனால் ஜன்னல் திறப்பதற்கு முன்பே அங்கே இருங்கள். வெளியூர்க்காரர்கள் முதல் பஸ்ஸில் வருவது இதற்காகத்தான். திங்கட்கிழமையும் தொடர் விடுமுறை முடிந்த மறுநாளும் கூட்டம் அதிகமாக இருக்கும். அவசரமில்லாத விஷயத்தை அந்த நாட்களில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சீட்டுக்குக் காசு கிடையாது. பெயர், வயது, ஊர், என்ன தொந்தரவு என்று கேட்பார்கள். தொந்தரவை ஒரே வரியில் சொல்லுங்கள்: "ரெண்டு மாசமா முழங்கால் வலி, நடக்க முடியல." இந்த ஒரு வரியை வைத்துத்தான் எந்தத் துறைக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறார்கள். கண்ணும் மங்கல், காலும் மரத்துப்போகிறது என்றால் எது அதிகத் தொந்தரவோ அதை முதலில் சொல்லுங்கள்.

பதிவு செய்யும் இடத்தில் க்யூஆர் பலகை ஒட்டியிருந்தால், உங்களிடம் ஆபா எண் இருந்தால், போனில் ஸ்கேன் செய்து டோக்கன் வாங்கலாம். ஆபா என்பது 14 இலக்க மருத்துவ அடையாள எண். ஆதாரை வைத்து வீட்டிலிருந்தபடியே உருவாக்கிக்கொள்ளலாம். படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் சொல்லி ராத்திரியே முடித்துவிடுங்கள்.

முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தனி வரிசை இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். நடக்க முடியாதவருக்குச் சக்கர நாற்காலி கேளுங்கள். கேட்பது உரிமை, உதவி கேட்பதாக நினைத்துக் கூச்சப்பட வேண்டாம்.

படி 4: யூனிட் நாள். இதைக் கவனமாகப் படியுங்கள்

புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, எலும்பு, மகப்பேறு போன்ற பெரிய துறைகள் ஒவ்வொன்றும் பல யூனிட்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு சீஃப், அவருக்குக் கீழே உதவிப் பேராசிரியர்கள், மேற்படிப்பு படிக்கும் டாக்டர்கள், பயிற்சி மருத்துவர்கள். வாரத்தில் எந்தெந்தக் கிழமையில் எந்த யூனிட் ஓபி பார்க்கும் என்பது முறை வைத்து நடக்கிறது. நீங்கள் முதன்முதலில் செவ்வாய்க்கிழமை போனால், அன்றைய யூனிட் உங்களைப் பார்க்கும். அதற்குப்பின் நீங்கள் அந்த யூனிட்டின் நோயாளி.

மறுபடி வரும்போது புதன்கிழமை போனால் என்ன ஆகும்? அங்கே வேறு டாக்டர்கள் இருப்பார்கள். உங்கள் ஸ்கேனை எழுதியது யார், ஏன் எழுதினார் என்று அவர்களுக்குத் தெரியாது. "உங்க யூனிட் நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். அவர்கள் மேல் கோபப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. அறுவை சிகிச்சை வரைக்கும் போகக்கூடிய நோயை ஒரே குழு தொடர்ந்து பார்ப்பதுதான் நோயாளிக்கு நல்லது. இந்த முறையை யாரும் எடுத்துச் சொல்லாததுதான் தவறு. ஒவ்வொரு ஓபி வாசலிலும் பெரிய எழுத்தில் யூனிட் அட்டவணை எழுதி வைத்தாலே எத்தனையோ பேருடைய பஸ் செலவு மிச்சமாகும்.

அதனால் டாக்டர் அறையை விட்டு வெளியே வருவதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். "இது எத்தனாவது யூனிட் டாக்டர்? மறுபடி எந்தக் கிழமை வரணும்? அன்னைக்கு மறுபடி ஓபி சீட்டு போடணுமா, இல்ல நேரா இங்க வரலாமா?" பதிலைச் சீட்டின் ஓரத்தில் உங்கள் கையாலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் பக்கத்தில் நிற்கும் நர்சிடம் கொடுத்து, "அக்கா, கிழமைய மட்டும் எழுதிக் குடுங்க" என்று சொல்லுங்கள், எழுதித் தருவார்கள்.

இதயம், சிறுநீரகம், நரம்பியல் போன்ற உயர் சிறப்புத் துறைகளுக்குப் பெரும்பாலும் பொது மருத்துவத்தில் பார்த்து எழுதித் தந்த பிறகே போக வேண்டியிருக்கும். அந்தத் துறையின் ஓபி நாள் என்ன என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கட்டடமும் எது என்று கேளுங்கள், எல்லாம் ஒரே வளாகத்துக்குள் இல்லை.

படி 5: பரிசோதனை, மாத்திரை

டாக்டர் எழுதியதும் முதலில் ரத்தம் கொடுக்கும் இடத்துக்குப் போங்கள், மாத்திரை வரிசைக்கு அப்புறம் போகலாம். ரத்தம் எடுக்கும் இடம்தான் சீக்கிரம் மூடும். முடிவு எப்போது, எந்த ஜன்னலில் கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து இலவசம். 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி எல்லா அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்புகிறது. அட்டையில் கம்பெனிப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பெயர் பெரிதாக இருக்கும். "கவர்மெண்டு மாத்திரை கேக்காது" என்று தூக்கிப்போடாதீர்கள். கழகம் தரப் பரிசோதனை செய்த பிறகே மருந்து ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. காலை மாத்திரை எது, ராத்திரி மாத்திரை எது என்று ஜன்னலிலேயே கேட்டுத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எந்த இடத்திலாவது வேலையைச் செய்து தர யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. 104-இலோ, 'முதல்வரின் முகவரி' என்ற குறைதீர்ப்புத் துறையின் எண்ணான 1100-இலோ புகார் சொல்லலாம்.

அவசரம் என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது

ஓபி சீட்டு, யூனிட் நாள் எதையும் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு கை திடீரென்று விழுந்துபோவது பக்கவாதத்தின் அறிகுறி. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைக் கடிகாரம் பார்த்து நினைவில் வையுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பாம்புக்கடி, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, வலிப்பு எல்லாவற்றுக்கும் உடனே 108-தான்.

பாம்பு கடித்தால் வெட்டுவது, இறுக்கிக் கட்டுவது, வேர் அரைத்துக் கொடுப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை ஆட்டாமல் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஊசி அங்கேயே உண்டு. முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள் என்று தவறாமல் போட வேண்டும்.

அவசர சிகிச்சைப் பிரிவில் வந்தவுடன் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். உயிருக்கு ஆபத்தானவர் சிவப்பு, அவர் கடைசியாக வந்தாலும் முதலில் பார்க்கப்படுவார். உங்களுக்குப் பச்சை கொடுத்திருந்தால் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்றும் அதற்கு அர்த்தம்.

சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் வந்தது. தமிழக எல்லைக்குள் அடிபட்ட யாராக இருந்தாலும், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது.

படி 6: காப்பீட்டு அட்டையை நல்ல நாளிலேயே எடுத்து வையுங்கள்

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். பெரியாஸ்பத்திரியிலிருந்து அதிக தூரமில்லை. சந்தேகத்துக்கு 1800 425 3993. ஆபரேஷன் தேதி குறித்த பிறகு வருமானச் சான்றுக்கு விஏஓவைத் தேடி அலைகிறவர்களைப் பார்த்தால் மனசு தாங்காது.

படி 7: வீட்டுக்குத் திரும்பிய பின்

வார்டிலிருந்து அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, அதாவது என்ன நோய், என்ன சிகிச்சை என்று எழுதிய சுருக்கச் சீட்டு, கேட்டு வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு அந்த வாரமே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கான தொற்றா நோய்ப் பிரிவில் பதிந்துவிடுங்கள். இனி மாதாமாதம் மாத்திரைக்காகக் கோரிப்பாளையம் வர வேண்டியதில்லை. நடமாட முடியாதவர் என்றால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருவார். படுக்கையில் கிடப்பவருக்கு இயன்முறை சிகிச்சை, வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டிலேயே கிடைக்கும். இரண்டு மாதமாக யாரும் வரவில்லை என்றால் சும்மா இருக்காதீர்கள். நர்சம்மாவுக்குப் போன் போட்டு, "எங்கம்மா பேரு லிஸ்ட்ல இருக்கா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள்.